மூதூர் இறங்குதுறையைத் தோண்டலாமா?

"எங்கள் இறங்குதுறை மகாவலி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்ததும் வள்ளங்கள் தரைதட்டுகின்றன. சங்கத்தில் பணம் சேர்த்து, பெக்கோ பிடித்துத் தோண்டி, ஓரத்தில் கல்லும் போடலாமா? திருகோணமலைத் துறைமுகம் மட்டும் எப்படித் தூர்வதில்லை?" என்று மூதூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்.

துறைமுகத்தோடு உங்கள் துறையை ஒப்பிடாதீர்கள். உள்துறைமுகம் குன்றுகளுக்குள் ஒதுங்கியிருக்கிறது. பெரிய ஆறு எதுவும் அதில் விழுவதில்லை. வெளியே கொட்டியாரக் குடாவின் அடியில் ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. நீங்கள் இருப்பதோ, 335 கிலோமீற்றர் ஓடிவரும் ஆறு தன் சுமையை இறக்கிவைக்கும் வாசலில்.

தோண்டினால் ஆழமாகும், அடுத்த மாரி வெள்ளம் வரை. அமெரிக்காவின் ஈரி ஏரியில் டொலிடோ துறைமுகம் மௌமி ஆற்றின் வாயில் இருக்கிறது. அங்கே தூர்வாருவது வருடாந்தச் செலவு. அந்த ஏரிகளில் ஓடும் ஆயிரம் அடி நீளக் கப்பல் ஓர் அங்குல ஆழம் குறைந்தாலே ஏறக்குறைய 270 தொன் சரக்கைக் குறைக்க வேண்டும், அதனால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. அள்ளிய சேற்றை ஏரியிலேயே கொட்ட ஒகையோ மாநிலம் போட்ட தடை 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கணக்கிலும் தோண்டும் கூலியை மட்டும் பார்க்காமல், மண்ணை அப்புறப்படுத்தும் கூலியையும் சேருங்கள். கரையிலேயே குவித்துவைத்தால் முதல் மழையே அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஈயக்குண்டின் அடிக்குழியில் கிறீஸ் அப்பி, முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குங்கள். தூக்கும்போது அடிமண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். விரலில் வழுக்கும் கருஞ்சேறு என்றால் அது பெரும்பாலும் ஆற்று வெள்ளம் விட்டுப்போனது. அங்கே தோண்டுவதைவிட, நீர் அடியால் ஓடும்படி தூண்கள் நட்டு இறங்குதுறையை ஆழமான இடம்வரை நீட்டுவதே மலிவு. நறநறக்கும் மணல் என்றால் அலை நகர்த்தும் திட்டு. கடல் அடங்கிய பிறகு வள்ளம் போகுமளவுக்கு ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று வெட்டினால் அந்தப் பருவத்துக்குப் போதும்.

கல் போடும் யோசனையைக் கைவிடுங்கள். கரையோரம் நகரும் மணலைக் கல்லணை ஒரு பக்கம் பிடித்துவைக்கும்; மறுபக்கம் மணல் வராமல் கரை அரிக்கும். அரிபடுவது அயலூரின் வாடியாக இருந்தால் வழக்கு வேறு வரும்.

கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர், கடலுக்குள் 2 கிலோமீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம். தூண் நடவும் மணல் அள்ளவும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தில் முதலில் அனுமதி கேளுங்கள். விண்ணப்பத்துக்கு முன் ஒரு மாரிக்கு முன்னும் பின்னும், அதே இடங்களில், நீர் வற்றிய வேளையில் ஆழம் அளந்து கொப்பியில் எழுதிவையுங்கள். அந்தக் கொப்பியின் பிரதி ஒன்றையும் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.