பங்கு கிடைக்காத ஓர்க்குகள்

அன்புள்ள சார்,

மதுரையில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் கூடி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவன். இந்த முறை ஓர் எல்லைக் கோட்டையை வைத்துப் பழைய பாணியில் கதை ஓட்டுகிறேன். கோட்டைக்கு அப்பால் குகைகள், குகைகளில் ஓர்க்குகள் என்ற கற்பனை அரக்க இனம். போன வாரம் குழு ஒரு குகைக்குள் புகுந்து சண்டையை முடித்தபோது, உள்ளறையில் குழந்தைகளும் கிழவிகளும் இருந்தார்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஒருவன், "ஓர்க்குன்னா பொறப்புலயே கெட்டது, புக்லயே போட்டிருக்கு, கொன்னுடலாம்" என்றான். உசிலம்பட்டிப் பக்கத்து நண்பன் அத்தோடு பகடையைக் கீழே வைத்துவிட்டான். அவனுடைய பூட்டனார் குற்றப்பரம்பரைச் சட்டத்தால் கைரேகை வைத்து, ராத்திரியெல்லாம் சாவடியில் படுத்துக் கிடந்தவராம். "பொறவிக் குத்தவாளின்னு எழுதி வச்ச ஆட்டத்த நான் எதுக்கு ஆடணும்?" என்று கேட்டான். மற்றவர்கள், "விளையாட்டுக்குள்ள அரசியலக் கொண்டுவராத" என்று சொல்லப்போய், அன்றைக்கு ஆட்டமே நின்றுவிட்டது.

இந்த ஆட்டத்தின் ரசிகர்களுக்குள் உலகம் முழுக்க இதே வாக்குவாதம் பல வருஷமாக நடக்கிறது என்று தெரியும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இந்தக் கதையைக் கைவிட்டு வேறு தொடங்கட்டுமா?

சே.
மதுரை

அன்புள்ள சே.,

கைவிட வேண்டாம். உங்கள் மேஜையில் இப்போதுதான் கதை சூடு பிடித்திருக்கிறது.

உங்கள் நண்பர் கேட்டது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிற கேள்விதான். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இல் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' சாகசத்திலேயே அந்த உள்ளறை உண்டு. ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, சண்டைக்கு வராத குட்டிகள் இத்தனை என்று கணக்கு எழுதியிருப்பார். சண்டை முடிந்தபின் அவர்கள் கதி என்ன என்பதை டன்ஜன் மாஸ்டர் தலையில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து எத்தனையோ மேஜைகளில் எத்தனையோ குழுக்கள் அந்த அறை வாசலில் நின்று தகராறு செய்திருக்கின்றன. ஓர்க்குகளை இன்றைய வடிவில் நமக்குக் கொடுத்த நாவலாசிரியர் டோல்கீனுக்கே, ஓர் இனம் முழுக்க மீட்சியில்லாத தீமையாக இருக்க முடியுமா என்ற உறுத்தல் தீரவேயில்லை.

1982-இல் இந்த ஆட்டத்துக்கான டிராகன் இதழில் ரோஜர் மூர் ஓர்க்குகளின் தெய்வங்களைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன கதை இது. ஆதியில் தெய்வங்கள் எல்லாம் கூடி, தத்தம் மக்கள் எங்கே வாழ்வது என்று சீட்டுப் போட்டன. எல்ஃபுகள் என்ற இனத்துக்குக் காடு விழுந்தது. ட்வார்ஃபுகளுக்கு உயர்ந்த மலை. ஹாஃப்லிங்குகளுக்கு வயலும் புல்வெளியும். மனிதர்களுக்கு, எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம் என்ற சீட்டு. ஓர்க்குகளின் தெய்வங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. மற்ற தெய்வங்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தன. ஓர்க்குகளின் தலைமைத் தெய்வமான ஒற்றைக்கண் க்ரூம்ஷ் ஈட்டியை ஓங்கி மலையைக் குத்திப் பிளந்தான். பிளந்த இடங்களில் என் மக்கள் இருப்பார்கள், உங்களுக்குக் கிடைத்ததையெல்லாம் பிடுங்குவார்கள் என்று சபதம் போட்டான்.

பங்காளிச் சண்டையைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது விளங்கும். அநியாயம் நடந்திருக்கிறது, அதற்கான பழிவாங்கலும் அநியாயமாக இருக்கிறது. ஒரு டன்ஜன் மாஸ்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைக் கையில் வைத்துக்கொண்டு 2016-இல் வந்த 'வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்' என்ற ஆட்டப் புத்தகம் என்ன செய்தது? ஓர்க்காக ஆட விரும்புகிறவர் தன் பாத்திரத்தின் அறிவு மதிப்பில் இரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றது. எவ்வளவுதான் பழக்கி வளர்த்தாலும் ரத்தவெறி தோலுக்கடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று விளக்கமும் சொன்னது. இடம் கிடைக்காதவர்களின் கோபம் ரத்தத்தில் ஊறிய நோயாகிவிட்டது. அந்த வரி எழுதப்பட்டதும் ஓர்க்கோடு பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போகிறது. சமாதானம் பேச முடியாது, ஏமாற்ற முடியாது, கடன்பட முடியாது. கதைக்கே இது நஷ்டம் என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

2020 ஜூனில் ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே, ஓர்க்குகளையும் ட்ரௌ என்ற இருண்ட எல்ஃபுகளையும் எழுதிய விதம் நிஜ மனித இனங்கள் மீது சுமத்தப்பட்ட இழிவுகளை நினைவூட்டுவதாக இருந்தது என்று ஒப்புக்கொண்டது. அறிவுக் கழிவு பிறகு நீங்கியது. 2024-இல் வந்த ஆட்டக்காரர் கையேடான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் எல்ஃபோடும் ட்வார்ஃபோடும் ஓர்க்கும் சமமாக உட்கார்ந்திருக்கிறது. இழிவை நீக்கக் கேட்டுப் போராடிய ரசிகர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. க்ரூம்ஷ் தன் மக்களுக்கு வரங்கள் கொடுத்தான், அவர்கள் பெருவெளிகளில் திரியும் உறுதியானவர்கள் என்ற அளவில் புதிய அறிமுகம் முடிந்துவிடுகிறது. சீட்டுக் கதையைக் காணோம். பழி போனதோடு அவர்களுடைய மனக்குறையும் போய்விட்டது.

எப்படிச் செய்திருக்கலாம் என்பதற்கு, அதே 1982-இல் கேயாசியம் நிறுவனம் ரூன்க்வெஸ்ட் என்ற வேறோர் ஆட்டத்துக்காக வெளியிட்ட 'ட்ரோல்பேக்' பெட்டியைத்தான் காட்டுவேன். கிரெக் ஸ்டாஃபர்டும் சாண்டி பீட்டர்சனும் எழுதியது. அந்த உலகத்தில் ட்ரோல்கள் பாதாளத்து இருட்டில் நிம்மதியாக வாழ்ந்தவர்கள். மேலே சூரிய தெய்வம் கொல்லப்பட்டு, செத்தவன் பாதாளத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவன் ஒளியில் வெந்து பிழைத்தவர்கள் மேலே ஓடிவந்தார்கள். பிறகு அவர்கள் குலத்தின் மீது ஒரு சாபம் விழுந்தது. அதுமுதல் பெரும்பாலான பிரசவங்களில் திடமான பிள்ளை பிறப்பதில்லை. ட்ரோல்கின் எனப்படும் சவலைகள் ஈற்றுக்குப் பலவாகப் பிறக்கின்றன. ட்ரோல்கள் அந்தச் சவலைகளை அடிமைகளாக வைத்துக்கொள்கிறார்கள், தின்னவும் செய்கிறார்கள். ட்ரோல்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு, அதில் பந்தாக இருப்பதும் ஒரு ட்ரோல்கின்தான்.

இதைப் படித்துவிட்டு ட்ரோல்கள் நல்லவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனிதரையும் தின்கிறவர்கள் அவர்கள். ஆனால் ஒரு ட்ரோல் தாயிடம் போய், சாபம் தீர வழி எனக்குத் தெரியும் என்று உங்கள் ஆட்டக்காரர் ஒருவர் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஆறு மாத ஆட்டம் இருக்கிறது. (கீத் பேக்கர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காகப் படைத்த எபெரான் உலகத்தில், முதல் ட்ரூயிடுகளாக, அதாவது இயற்கையின் பூசாரிகளாக இருந்து உலகத்தைக் காத்தவர்களே ஓர்க்குகள்தான். அதுவும் ஆட நன்றாக இருக்கும்.)

உங்கள் மற்ற நண்பர்களின் பக்கமும் எனக்குப் புரிகிறது. வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள், யோசிக்காமல் நாலு வாள் வீச்சு வீச ஆசைப்படுகிறார்கள். தாராளமாக வீசட்டும். எலும்புக்கூடுகள் இருக்கின்றன, மந்திரத்தால் எழுப்பப்பட்ட பிணங்கள் இருக்கின்றன, காசுக்காகக் கிராமத்தைக் கொளுத்துகிற கூலிப்படை இருக்கிறது. ஆனால் பிறப்பிலேயே கெட்டவர்கள் என்ற விதியில் அரசியல் இல்லை என்றும், அதைத் தட்டிக் கேட்பதுதான் அரசியல் என்றும் அவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1871-இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியைப் பார்த்து ரேகை எடுத்தார்கள். எதிர்த்து நின்ற, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கைகாக்ஸுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மதுரையில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு பகடையை எடுக்காமல் முதலில் பேசுங்கள். உள்ளறையில் குழந்தைகள் இருப்பது கதையில் தொடரலாமா என்று உங்கள் உசிலம்பட்டி நண்பரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விவாதமில்லாமல் எடுத்துவிடுங்கள். சரி என்றால், அந்தக் கிழவிகளில் ஒருத்தி சீட்டுக் கதையைச் சொல்லட்டும். கோட்டை கட்டியிருக்கிற மேடு அதற்கு முன் யார் கையில் இருந்தது என்று கேட்கட்டும். கோட்டைத் தலைவனிடம் போய் விசாரிக்கும் வேலையை, கொன்றுவிடலாம் என்று சொன்ன நண்பரின் கேரக்டருக்கே கொடுங்கள். தலைவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிக்க அவர் பகடை உருட்ட வேண்டியிருக்கும். பகடையில் விழ வேண்டிய இலக்கைக் கொஞ்சம் கடினமாகவே வையுங்கள்.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

அன்புடன்