ரீச்சரிடம் கேளுங்கள்: லீவுக்குக் கொடுத்த புத்தகம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: லீவு, வாசிப்பு, எழுதிக்கொண்டு போகவேண்டிய கொப்பி. மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்கு. கோபிக்க வேண்டாம்.

ரீச்சர், மகள் ஒரு இன்டர்நேஷனல் ஸ்கூலில் பத்தாம் வகுப்பு. ஜூலை தொடக்கத்தில் ‘சமர் ரீடிங்’ என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று ஆங்கில நாவல்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதவேண்டும். ஸ்கூல் தொடங்க இன்னும் 18 நாள்தான். ஒன்றையும் திறக்கவில்லை. கேட்டால், “போனிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் எழுதித் தரும் அம்மா” என்கிறாள். அடிக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. — ஒரு தாய், வெள்ளவத்தை

கொழும்பில் சமர் எது என்று முதலில் சிரித்துவிட்டேன். ஜூலையில் நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. வெள்ளவத்தை ரயில் பாதையோரம் ஐந்து நிமிஷம் நின்றால் மூக்குக்கண்ணாடி முழுக்க உப்பு. இது அமெரிக்கப் பள்ளிக்கூடங்களின் வழக்கம். அங்கே ஜூனில் மூடினால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பரிலோதான் திறப்பார்கள். அத்தனை நாள் புத்தகம் தொடாத பிள்ளை படித்ததை மறந்துவிடும் என்ற பயத்தில் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். நமது அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் லீவு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று துண்டு துண்டாக வருவதால் அந்தப் பயம் நமக்குக் குறைவு. சரி, பெயர் எதுவானாலும் வேலை வேலைதான்.

மூன்று புத்தகங்களின் கடைசிப் பக்க எண்களையும் அவளையே கூட்டச் சொல்லுங்கள். 700 வருகிறது என்று வையுங்கள். 18 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 40 பக்கத்துக்குள் நிற்கும். பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்றால் 80 நிமிஷம். காலையில் பாதி, இரவில் பாதி. மலை மாதிரித் தெரிவது ஒரு படத்தின் நேரம்கூட இல்லை. மூன்றில் மெல்லியதை முதலில் எடுக்கட்டும். ஒன்று முடிந்தால் மற்றதுக்குத் தைரியம் வரும்.

இனி போன். அது கதைச்சுருக்கம் எழுதும், ஆனால் உங்கள் மகளுக்கு எந்த இடத்தில் அலுத்தது என்று அதற்குத் தெரியாது. கடைப் பில் ஒன்றைப் புத்தகத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வந்த இடம், கோபம் வந்த இடம், “இது பொய்” என்று தோன்றிய இடம் எது வந்தாலும் அதன் பின்பக்கத்தில் பக்க எண்ணும் ஒரு வரியும். அப்படி ஏழெட்டு வரி சேர்ந்தால் இரண்டு பக்கம் எழுதுவது பெரிய காரியமில்லை.

“நீங்களும் பக்கத்தில் இருந்து ஒரு புத்தகம் வாசியுங்கள்” என்று புத்தி சொல்லமாட்டேன். வேலைக்குப் போய் வந்து சமைக்கிறவருக்கு யார் நேரம் தருவது? குசினியில் ஒரு கதிரையைப் போட்டு, நீங்கள் பயிற்றங்காய் வெட்டும்போது அவளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பத்துப் பக்கம் போதும். விளங்காத இடத்தில் “இவன் யார், முதலே வந்தவனா?” என்று கேளுங்கள். முதல் நாள் எரிச்சல்படுவாள். மூன்றாம் நாள், நீங்கள் கேட்காமலே நடந்ததைச் சொல்லத் தொடங்குவாள். ஆங்கிலம் அவ்வளவாக வராதே என்று யோசிக்கவேண்டாம். வராவிட்டால் இன்னும் நல்லது. அவள் உங்களுக்குத் தமிழில் சொல்லவேண்டி வரும்.

18 நாளில் மூன்றாவது முடியாவிட்டால், “90ஆம் பக்கம் வரை வாசித்தேன்” என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு மதிப்பெண் குறைத்தால் குறையட்டும்.

மகனுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கப் போனால் விலை கையைச் சுடுகிறது. இரண்டு பிள்ளைகளுக்கு எப்படி வாங்குவது? — ஒரு தந்தை, தெஹிவளை

சுடத்தான் செய்யும். இந்தியப் புத்தகத்தின் அட்டையில் 200 என்று போட்டிருந்தால், நமது காசில் கணக்குப் பார்க்கவே 700 அளவில் வருகிறது. கடைக்கு வரும்போது அதற்கும் மேல். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாடு இது.

வாங்காதீர்கள், இரவல் எடுங்கள். வெள்ளவத்தை உங்களுக்குப் பக்கம். அங்கே ருத்திரா மாவத்தையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்பு பொது நூலகம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அவன் பெயரில் அங்கத்துவம் எடுங்கள். உங்கள் பெயரில் எடுத்தால் அது உங்கள் புத்தகம் ஆகிவிடும். அடுக்குகளுக்கு நடுவே அரை மணி நேரம் அவனைத் தனியே விட்டுவிட்டு, நீங்கள் பத்திரிகை வாசியுங்கள்.

திரையில் வாசிக்கப் பழகிய பிள்ளையென்றால், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் நம் நாட்டுப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கடையில் தேடினாலும் கிடைக்காத பல அங்கே உண்டு. வாங்கியே ஆகவேண்டுமென்றால் செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி வரை பொறுங்கள். கழிவு கிடைக்கும். சனக்கூட்டத்தில் பிள்ளையின் கையை மட்டும் விடாதீர்கள்.

எனக்கு இந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை. லீவிலும் கிழமையில் ஐந்து நாள் ரியூஷன், சனிக்கிழமை செமினார். இதற்குள் தமிழ் ரீச்சர் கதைப் புத்தகம் வாசிக்கச் சொல்கிறா. அதிலிருந்து கேள்வி வருமா? — ஒரு மாணவன், கொட்டாஞ்சேனை

வராது தம்பி. ஆனால் தமிழ்த் தாளில் கட்டுரை எழுதவேண்டும் இல்லையா? ‘நான் ஒரு பழைய குடை’ என்று தலைப்பு வந்தால் செமினார் தாளில் விடை இருக்காது. சொல் எங்கிருந்தாவது வரவேண்டும்.

நாவல் வேண்டாம், சிறுகதைத் தொகுதி எடு. ஒரு கதை எட்டுப் பத்துப் பக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து ரியூஷனுக்குப் போகிற பஸ்ஸில், இருக்க இடம் கிடைத்தால் வாசித்து முடிக்கலாம். நின்றுகொண்டு வந்தால் வேண்டாம், பொக்கற்றைப் பார்த்துக்கொள்.

நான் தரம் 9க்குத் தமிழ் கற்பிக்கிறேன். ஆகஸ்ட் லீவுக்கு வாசிப்பு வேலை கொடுத்தால் எல்லாரும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். எப்படிக் கொடுப்பது? — ஓர் ஆசிரியை, வத்தளை

தங்கச்சி, இதை நான் பிழையாகச் செய்து பழகியவள். ஒரு ஆகஸ்டில் ஐந்து புத்தகம், ஐந்து சுருக்கம் என்று கொடுத்தேன். வந்த 38 கொப்பிகளில் பதினொன்றில் ‘கருணை’ என்பதற்குக் ‘கறுணை’ என்று இருந்தது. ஒருத்தியின் கொப்பி பத்து வீடு சுற்றி வந்திருக்கிறது. அந்தப் பதினொரு பேருக்கும் நல்ல கையெழுத்து, கோடு போட்ட தலைப்பு, பத்துக்கு எட்டு.

அதே கட்டில் ஒரு பிள்ளை ஐந்துக்குப் பதிலாக ஒரே புத்தகத்துக்கு அரைப் பக்கம் எழுதியிருந்தாள். “இந்தக் கதையில் அப்பா ஏன் ஒவ்வொரு நாளும் குடையை மறக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு நனைய விருப்பம்போல.” நான் சிவப்புப் பேனையால் ‘போதாது’ என்று எழுதி, பத்துக்கு மூன்று போட்டேன். கட்டு முழுவதிலும் வாசித்திருந்தது அவள் ஒருத்திதான் என்று விளங்க எனக்குச் சில வருஷம் எடுத்தது.

அதற்குப் பிறகு சுருக்கம் கேட்பதை விட்டுவிட்டேன். ஒரே ஒரு புத்தகம், பிள்ளை தானே தெரிந்தெடுப்பது. சித்திரக்கதை என்றாலும் சரி. எழுதவேண்டியது ஒரு வசனம்தான்: புத்தகத்தில் பிடித்த அல்லது பிடிக்காத வசனத்தைப் பக்க எண்ணோடு பார்த்து எழுதவேண்டும். லீவு முடிந்து வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஏன் அது என்று மூன்று நிமிஷம் கதைக்கவேண்டும். கதைக்கும்போது நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். வாசிக்காத பிள்ளை அங்கே தட்டுத் தடுமாறும். ஏசவேண்டாம், “அடுத்த திங்கள் சொல்லு” என்று விடுங்கள். அநேகமானோர் அந்த வார விடுமுறையில் வாசித்துவிடுவார்கள்.

நாற்பது பிள்ளைகள், மூன்று நிமிஷம், 120 நிமிஷம். அதாவது மூன்று பாடவேளை. பாடத்திட்டம் பின்தங்கும் என்று அதிபர் சொல்லக்கூடும். தவணையின் முதல் கிழமையில் வையுங்கள். புது நேரசூசி ஒட்டி முடிவதற்குள் உங்கள் வேலை முடிந்துவிடும்.