மருந்தடித்தும் திரும்பி வரும் மூட்டைப்பூச்சி: வேலை வண்டிகளை எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி: வீடுகளில் பழுது வேலை எடுத்துச் செய்கிறோம். நான்கு வண்டிகள் ஓடுகின்றன, அதில் இரண்டில் மூட்டைப்பூச்சி. பையன்கள் முதுகிலும் தொடையிலும் தடிப்போடு வருகிறார்கள். கொசு மருந்து, கரப்பான் மருந்து எல்லாம் அடித்து, கண்ணாடியை ஏற்றிப் பூட்டி வைத்தேன். பத்து நாளில் மறுபடியும் கடி. வெயிலில் நிறுத்தினாலே செத்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பத்து நாள் என்று நீங்களே சொன்னதில் பாதி விடை இருக்கிறது. மூட்டைப்பூச்சியின் முட்டை வெதுவெதுப்பான இடத்தில் 6 முதல் 10 நாளில் பொரிந்துவிடும். நீங்கள் அடித்த மருந்து வெளியே உலாவிய சிலவற்றைக் கொன்றிருக்கும், முட்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பூட்டிய வண்டிக்குள் புகைபோல் பரவும் மருந்து சீட்டின் மேல்தான் படியும். பூச்சி இருப்பதோ தையலுக்குள், சீட்டுக்கு அடியில், திருகு போட்ட ஓட்டையில். போதாக்குறைக்கு, சாதாரண கொசு, கரப்பான் மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு வகைக்குப் பல இடங்களில் மூட்டைப்பூச்சி பழகிப்போய்விட்டது. சாகாமல் எரிச்சலில் சிதறி இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

முதலில் அது மூட்டைப்பூச்சிதானா என்று பார்த்துவிடுங்கள். தடிப்பை வைத்து முடிவு கட்ட வேண்டாம். உங்கள் தொழிலில் கண்ணாடியிழைத் தூள் ஒட்டினாலும் இப்படித்தான் அரிக்கும். ஒரு டார்ச்சும் பழைய ஏடிஎம் கார்டும் போதும். சீட்டின் ஓரத்தில் கயிறுபோல் ஓடும் தையலை விரித்து, கார்டின் முனையால் மெல்ல வழித்துப் பாருங்கள். பேனா முனையால் தொட்டு வைத்ததுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அது எச்சம். ஈரத் துணியால் துடைத்தால் செம்பழுப்பாகத் தீற்றும். கூடவே வெளிர் மஞ்சளில் உரித்த தோல், 1 மி.மீ. நீளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை முட்டை, 5 மி.மீ. அளவில் தட்டையான பழுப்புப் பூச்சி. தலைசாய்ப்பானின் கம்பி இறங்கும் ஓட்டை, சீட் நகரும் தண்டவாளம், பெல்ட் கொக்கியின் அடி, கதவுப் பையில் கிடக்கும் பழைய பில்கள், தரை விரிப்பின் மடிப்பு எல்லாம் பாருங்கள். படுக்கும் பெர்த் இருந்தால் மெத்தையைத் தூக்கி, அடிப்பலகையின் திருகுகளைச் சுற்றிப் பாருங்கள். பின்பக்கம் சாமான் சுற்றும் போர்வைகளை மறந்துவிடாதீர்கள். பலரும் அங்கே பார்ப்பதே இல்லை. நல்ல வண்டி என்று நினைக்கும் மற்ற இரண்டையும் அதே நாளில் சோதித்துவிடுங்கள்.

இனி வெயில் விஷயம். சூடு மூட்டைப்பூச்சியைக் கொல்லும் என்பது நிஜம். 45 டிகிரி செல்சியஸில் வளர்ந்த பூச்சி சாக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். முட்டைக்கு 48 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 50-ஐத் தாண்டினால் வேலை சீக்கிரம் முடியும். மூடிய கேபினின் காற்று வெயிலில் அந்த அளவுக்குச் சூடேறலாம்தான். ஆனால் சீட்டுப் பஞ்சின் உட்புறமும் தரையும் அவ்வளவு ஏறாது. பூச்சிக்கும் கால் இருக்கிறதே, சூடு ஏற ஏற நகர்ந்து கீழே போய்விடும். வெயிலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், சிகிச்சையாக நம்பக் கூடாது. குளிரும் அப்படித்தான்: உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் விடாமல் வைத்தால் சாகும், வெளியே நிறுத்திய வண்டியில் அந்தக் குளிர் அப்படியே நிலைக்காது. பட்டினி போட்டுக் கொல்லலாம் என்று வண்டியை ஓரங்கட்டவும் வேண்டாம், இரத்தமில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

என் யோசனை: கேபினில் மருந்து கடைசி ஆயுதமாக இருக்கட்டும். சின்ன இடம், மூடிய கண்ணாடி, ஏசி காற்று, அதற்குள் நாள் முழுவதும் ஒருவர் மூச்சுவிட வேண்டும். உறிஞ்சலும் நீராவியும்தான் முதல் வேலை.

வண்டியை முழுக்கக் காலி செய்யுங்கள். எடுக்கும் ஒவ்வொன்றையும் அங்கேயே பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள். திறந்தபடி பட்டறைக்குள் தூக்கிப் போனால் பட்டறைக்கும் பூச்சி வந்துவிடும். ஜாக்கெட், போர்வை, சீட் உறை எல்லாம் 60 டிகிரி நீரில் துவைக்கலாம், அல்லது துணி உலர்த்தும் இயந்திரத்தில் நல்ல சூட்டில் அரை மணி நேரமாவது ஓட விடலாம். குப்பை என்று தோன்றுவதைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் வேக்யூம். குறுகிய வாய் உள்ள குழாயைத் தையலில் அழுத்தித் தேய்த்தபடி இழுக்க வேண்டும், சும்மா மேலே காட்டினால் முட்டை வராது. முடிந்ததும் உள்ளே சேர்ந்ததை உடனே பையில் கட்டி வெளியே போடுங்கள். இயந்திரத்துக்குள் பூச்சி உயிரோடுதான் இருக்கும்.

அடுத்தது நீராவி. இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். குழாயை விநாடிக்கு இரண்டு மூன்று செ.மீ. என்ற அளவில் ஊர்ந்து நகர்த்துங்கள். நகர்த்திய உடனே அந்த இடம் 70–80 டிகிரி சூடு காட்ட வேண்டும். கையடக்க வெப்பமானி இருந்தால் சந்தேகமே இருக்காது. நீராவி பீறிட்டு அடித்தால் பூச்சி பறந்துபோய் வேறிடத்தில் விழும், அதனால் அகலமான முனையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஏர்பேக் குறி உள்ள இடம், சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு, ஸ்விட்ச், டேஷ்போர்டு மின்சாதனம், இவற்றின் பக்கம் நீராவி போகக் கூடாது. அந்த இணைப்புகளைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். வேலை முடிந்ததும் கதவுகளைத் திறந்து வைத்து நன்றாகக் காய விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மருந்து வேண்டுமென்றால், லேபிளில் மூட்டைப்பூச்சிக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் என்று எழுதியிருப்பதை மட்டும் இடுக்குகளில் போடுங்கள். தூள் மருந்தை ஏசி காற்று அடிக்கும் இடத்தில் தூவ வேண்டாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் தெளிப்பது வண்டியைக் கொளுத்தும் வழி. கேஸ் ஹீட்டரைக் கேபினுக்குள் வைப்பதும் அதே ரகம். நெருப்போடு கார்பன் மோனாக்சைடும் சேரும். பெர்த் உள்ள வண்டியில் நிறைய பரவியிருந்தால், வெப்பச் சிகிச்சை செய்யும் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். சீட்டுப் பஞ்சுக்குள்ளும் வெப்பமானி வைத்து 50 டிகிரி தாண்டியதைக் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். அதற்கு முன் லைட்டர், ஸ்பிரே டப்பா, கேஸ் உருளை, பேட்டரி, மருந்து மாத்திரைகளை எடுத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து வேக்யூமும் நீராவியும் மறுபடி ஒரு சுற்று. தப்பிய முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடித்துவிடலாம். அதற்கு இரண்டு வாரம் கழித்து டார்ச்சோடு இன்னொரு சோதனை.

ஆனால் ஆட்கள் தூங்காத வண்டி மூட்டைப்பூச்சிக்குப் பெரும்பாலும் இடைத்தங்கல்தான். எங்கிருந்தோ ஏறி வருகிறது. வாடிக்கையாளர் வீட்டில் சோபாவின் மேல் வைத்த கருவிப் பை, மண்டியிட்டு வேலை செய்த மேலுடை, அப்புறப்படுத்த ஏற்றிய பழைய மெத்தை, வேலையாளின் வீடு, எதுவாகவும் இருக்கலாம். எந்த ஆள் எந்த வண்டியில் போனார், எந்த வீட்டுக்குப் பிறகு கடி தொடங்கியது என்று எழுதி வையுங்கள். துணிப் பையை விட்டு மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுங்கள். பழைய சாமானைப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பின்பக்கம் மட்டும் ஏற்றுங்கள். பூச்சி இருக்கும் என்று தெரிந்த வீட்டுக்குப் போனால், மேலுடையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டுத்தான் கேபினில் ஏற வேண்டும்.

வேலையாளின் வீட்டில்தான் பூச்சி என்று தெரியவந்தால் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள், சம்பளத்திலும் கை வைக்காதீர்கள். இது அழுக்கால் வருவதில்லை, பளிச்சென்ற வீட்டிலும் வரும். நோய் பரப்புவதாகவும் தெரியவில்லை. ஒருவரை அவமானப்படுத்தினால் அடுத்தவர் கடியை மறைப்பார், உங்களுக்குத் தெரியும்போது நான்கு வண்டியிலும் இருக்கும். அவர் வீட்டுக்கு மருந்தடிக்கும் செலவில் நீங்கள் பங்கு போடுவது, இரண்டு வண்டிகளைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்வதைவிட மலிவு. அவர் வீடு முடியும்வரை அவரை ஒரே வண்டியில் போகச் சொல்லுங்கள், வேலை உடையை இங்கேயே மாற்றிக்கொள்ள ஓர் இடம் கொடுங்கள்.