சி.ஆர்.ஓ.வில் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) அலை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. டைம்/டிவ் குமிழைத் திருப்பினால் எப்போதாவது ஒரு நொடி நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. எப்படி நிறுத்துவது?

உங்கள் கேள்வியில் ஒரே ஒரு வரி கண்ணில் பட்டது. "சேனல் 1-இன் சாக்கெட் லூஸாக இருந்ததால், ஃபங்ஷன் ஜெனரேட்டரின் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைச் சேனல் 2-இல் கொடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ட்ரிகர் சோர்ஸ் ஸ்விட்ச் (எந்த சிக்னலைப் பார்த்து வரையத் தொடங்க வேண்டும் என்று சொல்வது) எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. பந்தயமே கட்டுவேன், அது இன்னும் சேனல் 1-இல்தான் இருக்கும். சிக்னல் ஒரு வாசலில் நிற்க, சி.ஆர்.ஓ. இன்னொரு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சோர்ஸைச் சேனல் 2-க்கு மாற்றுங்கள், லெவல் குமிழை நடுவில் வையுங்கள். அலை நின்றுவிடும்.

நாளைக்கே பிராக்டிகல் இருந்தால் இதோடு போய்விடலாம். நேரம் இருந்தால் மேலே படியுங்கள். ஏனென்றால் டைம்/டிவ் (திரையின் ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம்) குமிழைத் திருப்பி அலையை நிறுத்தப் பார்ப்பது நானும் செய்த தவறு. அதற்கு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. டைம்/டிவ் குமிழின் நடுவிலோ பக்கத்திலோ வேரியபிள் என்று ஒரு சின்னக் குமிழ் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை மெதுவாகத் திருப்பினால் ஓடும் அலை தயங்கித் தயங்கி நிற்கும். கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு சுற்று 3.5 கட்டம், டைம்/டிவ் 0.2 மில்லிசெகண்ட், ஆக 0.7 மில்லிசெகண்ட். தலைகீழாக்கினால் 1428 ஹெர்ட்ஸ். ரெக்கார்டு நோட்டில் எழுதியும்விட்டேன். லேப் சார் ஜெனரேட்டரின் டயலைக் காட்டினார். 1 கிலோஹெர்ட்ஸில் இருந்தது. "தம்பி, அலையை நிறுத்துறதுக்காகக் கடிகாரத்தையே மெதுவா ஓட விட்டுட்டு மணி பார்க்கிறியே" என்றார். வேரியபிளைக் கேல் நிலையில் (அளவு சரியாக இருக்கும் நிலை) 'டக்' என்று உட்கார வைத்தால்தான் கட்டத்துக்கு இத்தனை மில்லிசெகண்ட் என்கிற கணக்கு செல்லும். அதைவிட்டு நகர்த்தியதும் டைம்/டிவ் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஒரு காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது வேறு கதை. ஃபெர்டினாண்ட் பிரௌன் கேதோடு கதிர்க் குழாயைச் செய்தது 1897-இல். அதற்குப் பின் பல பத்தாண்டுகள், பெரும்பாலான கருவிகளில் ஸ்வீப் (திரையில் புள்ளி இடமிருந்து வலமாக ஓடும் ஓட்டம்) தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அலையோடு ஒத்துப்போகும்வரை அதன் வேகத்தைத் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். 1947-இல் டெக்ட்ரானிக்ஸ் 511 என்ற மாடல் வந்த பிறகுதான் ட்ரிகர் ஸ்வீப் பரவலானது. இதில் ஸ்வீப் தானாகக் கிளம்பாது, சிக்னல் சொன்னால்தான் கிளம்பும். நான் 1947-க்கு முந்தைய முறையை லேபில் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

திரையில் ஒரு புள்ளி இடமிருந்து வலமாக ஓடுகிறது, அணைந்து திரும்பி வருகிறது, மறுபடி ஓடுகிறது. நாம் பார்க்கும் "நின்ற அலை" ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்ட பல படங்கள். ஒவ்வொரு படமும் அலையின் அதே இடத்தில் தொடங்கினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளித் தொடங்கினால் அலை நடக்கும். இடப்பக்கம் நடந்தால் ஸ்வீப் ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதமாகத் தொடங்குகிறது, வலப்பக்கம் நடந்தால் சற்று முந்துகிறது.

ஊஞ்சலாடும் குழந்தையைப் படம் எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? ஊஞ்சல் அந்த வேப்பமரத்துக்கு நேராக வரும்போது அழுத்துவேன் என்பீர்கள். அந்த இடம்தான் லெவல். ஆனால் ஊஞ்சல் மரத்துக்கு நேராக ஒரு ஆட்டத்தில் இரண்டு முறை வரும், போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. போகும்போது மட்டும் என்று முடிவு செய்வது ஸ்லோப். மரம் ஊஞ்சல் எட்டாத தூரத்தில் இருந்தால்? படமே விழாது. லெவல் குமிழை அலையின் உச்சிக்கு மேலே திருப்பினால் நடப்பது இதுதான்.

அங்கேதான் ட்ரிகரின் இரண்டு நிலைகளான ஆட்டோவும் நார்மும் (நார்மல்) பிரிகின்றன. ஆட்டோ, பொறுமை இல்லாத போட்டோகிராஃபர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊஞ்சல் வராவிட்டாலும் அழுத்திவிடுவார். அதனால் திரையில் ஏதோ ஒன்று எப்போதும் தெரியும், ஆனால் ஓடும். நார்ம் வராதவரை அழுத்தவே மாட்டார். அனலாக் சி.ஆர்.ஓ. என்றால் திரை இருட்டாகவே இருக்கும். லேபில் "சார், சி.ஆர்.ஓ. வேலை செய்யலை" என்று வரும் புகார்களில் நிறையவே நார்மில் மாட்டிக்கொண்ட ஸ்விட்ச்தான். இன்னொரு வகை, திரை நடுவில் ஒற்றைப் புள்ளி. அது டைம்/டிவ் குமிழை எக்ஸ்-ஒய் (ஸ்வீப் இல்லாத நிலை) வரை திருப்பிவிட்டவர்கள். அந்தப் புள்ளியைப் பிரகாசமாக அப்படியே விட்டுவைக்காதீர்கள், திரையில் தழும்பு விழும். வழக்கமான வேலைக்கு ஆட்டோ போதும். சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் நார்முக்கு மாறுங்கள். அலை வந்து சேர்வதற்குள் ஆட்டோ அவசரப்பட்டு அழுத்திவிடும்.

அப்படியானால் டைம்/டிவ் எதற்கு? எவ்வளவு அகலமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும். திரையில் 10 கட்டம். 1 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு சுற்று 1 மில்லிசெகண்ட், எனவே 0.2-இல் வைத்தால் இரண்டு சுற்று தெரியும். இரண்டு மூன்று சுற்று தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வது என் பழக்கம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 20 மில்லிசெகண்ட். 5-இல் வைத்தால் இரண்டரைச் சுற்று. (சுவர் பிளக்கில் நேரடியாகப் புரோபை வைத்துவிடாதீர்கள். புரோபின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, ஃபேஸில் பட்டால் வெடிக்கும். ஒரு 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் பாருங்கள்.)

சோர்ஸ் ஸ்விட்சில் லைன் என்று ஒரு நிலை உண்டு, அதை யாரும் தொடுவதே இல்லை. சர்வீஸ் வேலையில் எனக்கு அது செல்லப்பிள்ளை. பவர் சப்ளையின் வெளியீட்டில் ஏதோ சத்தம் (தேவையில்லாத அலைவு) தெரிகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. சோர்ஸை லைனுக்கு மாற்றிப் பார்ப்பேன். இப்போது ஸ்வீப் மின்சாரத்தின் தாளத்துக்குக் கிளம்புகிறது. சத்தம் அசையாமல் நின்றால் அது மின்சாரத்தோடு சம்பந்தப்பட்டது. ரெக்டிஃபையர், ஃபில்டர் கெப்பாசிட்டர் பக்கம் போகலாம். நிற்காமல் கலங்கினால் ஸ்விட்சிங் பக்கம் பார்க்க வேண்டும். நின்ற மேடுகளுக்கு இடையில் 10 மில்லிசெகண்ட் இருந்தால் முழு அலை ரெக்டிஃபையர் ஒழுங்காக இருக்கிறது. 20 ஆகிவிட்டதா, ஒரு டயோடு திறந்துகொண்டது, போர்டைக் கழற்றுங்கள்.

இரண்டு சேனல் பயன்படுத்தும்போது ஒரு பொறி இருக்கிறது. ஃபிளிப் ஃப்ளாப் (கிளாக்கின் ஒவ்வொரு ஏற்றத்திலும் நிலை மாறும் சுற்று) சோதனையில் கிளாக் 1 கிலோஹெர்ட்ஸ், வெளியீடு 500 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். கிளாக்கில் ட்ரிகர் செய்தால் கிளாக் அழகாக நிற்கும், வெளியீடு மட்டும் மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் கோடு போட்டு ஏணி மாதிரி தெரியும். ஐ.சி. போய்விட்டது என்று மாற்றியவர்களை எனக்குத் தெரியும். ஐ.சி. நன்றாகத்தான் இருக்கிறது. கிளாக்கின் ஒரு ஏற்றத்தில் வெளியீடு மேலே போகிறது, அடுத்த ஏற்றத்தில் கீழே வருகிறது. இரண்டு ஏற்றத்திலும் படம் விழுகிறது. மெதுவான சிக்னலில் ட்ரிகர் செய்யுங்கள், இரண்டும் நிற்கும். ஆல்ட் ட்ரிகர் போட்டாலும் இரண்டும் நிற்கும்தான். ஆனால் அதில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி தொடக்கம், இரண்டுக்கும் நடுவில் உள்ள நேர வித்தியாசம் பொய். ஆல்டில் வைத்து ஃபேஸ் அளந்து ரெக்கார்டில் எழுதாதீர்கள்.

இனி உங்கள் "ஒரு நொடி நிற்கிறது" விஷயம். சோர்ஸ் தவறாக இருந்தால் அது தற்செயல். ஸ்வீப் நேரமும் அலையின் நேரமும் கொஞ்ச நேரம் ஒத்துப்போயிருக்கும். ஆனால் ட்ரிகர் எல்லாம் சரியாக இருந்தும் டைம்/டிவ் மாற்றினால் நிற்பதும் கலங்குவதுமாக இருக்கிற ஒரு நிலைமை உண்டு. கையில் ஆர்டுயினோ (புரோகிராம் செய்யக்கூடிய சின்ன போர்டு) இருந்தால் செய்து பாருங்கள். 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட்), ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-வை 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அனுப்ப வையுங்கள். ட்ரிகர் ஸ்லோப் இறங்குமுகம், லெவல் 2.5 வோல்ட்.

ஒரு பிட் 104 மைக்ரோசெகண்ட். அந்த எழுத்துக்குள் கோடு மூன்று இடத்தில் கீழே இறங்குகிறது: தொடக்கத்தில், 208-இல், அப்புறம் 833-இல். அனலாக் சி.ஆர்.ஓ.வை 50 மைக்ரோசெகண்டில் வைத்தால் ஸ்வீப் 500-இல் முடிந்துவிடும். முடிந்ததும் அடுத்த இறக்கத்துக்குக் காத்திருக்கும், அது 833-இல் வரும், அங்கே ஒரு படம் எடுக்கும். இரண்டு வேறு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று. திரையில் முதல் நான்கு கட்டம் சுத்தமாக இருக்கும், அதற்குப் பிறகு கோடு மேலேயும் இருக்கும், கீழேயும் இருக்கும். டைம்/டிவ்வை 0.1 மில்லிசெகண்டுக்கு மாற்றுங்கள். இந்த இரட்டைப் பேய் மறைந்துவிடும். ஏன்? ஸ்வீப் இப்போது 1 மில்லிசெகண்ட். 833 வரும்போது புள்ளி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அது கண்டுகொள்ளாது.

டைம்/டிவ் அலையை நிறுத்தியது மாதிரி தெரிந்தாலும், உண்மையில் நிறுத்தியது காத்திருப்பு. அந்தக் காத்திருப்புக்கென்றே தனிக் குமிழ் இருக்கிறது, ஹோல்ட் ஆஃப். மறுபடி 50 மைக்ரோசெகண்டுக்கே வந்து, ஹோல்ட் ஆஃபை மெதுவாகக் கூட்டுங்கள், பேய் போய்விடும். டிஜிட்டல் கருவியில் நேரத்தை எண்ணாகவே கொடுக்கலாம், இங்கே 3 மில்லிசெகண்ட் கொடுத்தால் சரி. எழுத்தைவிட நீளம், எழுத்துகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைவிடக் குறைவு.

கமெண்டில் ஒருவர் "டிஜிட்டல் ஸ்கோப்பில் ஆட்டோசெட் பட்டன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு" என்று கேட்டிருந்தார். ஆட்டோசெட் (எல்லா அமைப்பையும் தானாகச் செய்யும் பட்டன்) சைன், சதுர அலைக்கெல்லாம் நன்றாக வேலை செய்யும். சுவிட்சை அழுத்தும்போது கான்டாக்ட் துள்ளுவதை அது பிடிக்காது, ஏனென்றால் அது ஒரே ஒரு முறை நடக்கிற விஷயம். அதற்கு சிங்கிள் (ஒரே ஒரு படம் மட்டும் எடுக்கும் நிலை), இறங்குமுகம், 2.5 வோல்ட், 1 மில்லிசெகண்ட். ஒரு தடவை அழுத்துங்கள், படம் உறைந்து நிற்கும். ட்ரிகருக்கு முன்னால் நடந்ததும் தெரியும், அனலாகில் இது கிடைக்காது.

ஆனால் டிஜிட்டலில் டைம்/டிவ்வே பொய் சொல்லும். 2500 புள்ளி மட்டும் சேமிக்கும் ஸ்கோப்பில் 50 மில்லிசெகண்ட் வைத்தால் மொத்தம் 500 மில்லிசெகண்ட், அதாவது நொடிக்கு 5000 புள்ளி. அதில் 10,010 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள், 10 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்று அழகாகத் தெரியும். ட்ரிகர் ஆகிவிட்டது என்று மேலே காட்டும், ஆனாலும் அலை நழுவிக்கொண்டே இருக்கும். அந்த முரண்பாட்டைப் பார்த்தால் லெவலைத் தொடாதீர்கள், டைம்/டிவ்வை வேகமான பக்கம் திருப்புங்கள். நான் எந்தப் புது சிக்னலையும் வேகமான பக்கத்திலிருந்து தொடங்கித்தான் மெதுவான பக்கம் வருவேன்.

நாளை லேபில் முதலில் புரோபைக் கருவியின் கேல் முனையில் (சோதனை சிக்னல் வரும் இடம்) மாட்டுங்கள். பெரும்பாலான கருவிகளில் அங்கே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வரும். சோர்ஸை அந்தச் சேனலுக்கு வைத்து, லெவலை மேலே கீழே திருப்பி, எங்கே அலை கையை விட்டுப் போகிறது என்று பாருங்கள். அப்புறம் ஜெனரேட்டருக்குப் போங்கள். சோர்ஸ் ஸ்விட்ச் உண்மையிலேயே சேனல் 1-இல்தான் இருந்ததா என்று கீழே எழுதுங்கள், பந்தயத்தில் தோற்றால் ஒரு டீ என் கணக்கில்.