ஒரு கோட்பாட்டை அறிவியலாளர்கள் ஏற்பது எப்படி?

"ஒரு கோட்பாடு சரியா என்பதை அறிவியலாளர்கள் வாக்கெடுத்தா முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பலர் தனித்தனியாக, வெவ்வேறு வழிகளில் ஒரே முடிவை எட்ட முடிகிறதா என்பதே முதன்மையான சோதனை. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கிவரும் காரைக்குடியிலிருந்து எழுதுவதால், அத்துறையிலிருந்தே சான்று தருகிறேன்.

உப்பு நீரில் கரையும்போதே மின்னூட்டமுள்ள அயனிகளாகப் பிரிகிறது என்று 1880களில் ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் அரீனியஸ் கூறியபோது வேதியியலாளர் பலர் நம்பவில்லை. ஆனால், கரைசலின் மின்கடத்துதிறனைக் கொண்டு கணித்த பிரிகை அளவும், அதன் உறைநிலை தாழ்வதைக் கொண்டு கணித்த அளவும் பல கரைசல்களில் ஏறத்தாழ ஒத்துவந்தன. நம் செட்டிநாட்டுக் கணக்கில் ஐந்தொகை நேராவதைப் போன்ற இந்த இசைவுதான், என் பார்வையில், எந்த வாதத்தையும் விட வலிமையானது. 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வலிமையான மின்பகுளிகளுக்கு, அதாவது நீரில் ஏறத்தாழ முழுவதுமாக அயனிகளாகப் பிரியும் பொருள்களுக்கு, அக்கோட்பாடு சரிவரப் பொருந்தாதபோதும் அதைக் கைவிடவில்லை. 1923இல் டிபையும் ஹக்கலும் திருத்தி விரிவாக்கினர்.

மாறாக, பல்லேடியம் மின்முனையில் அறை வெப்பநிலையிலேயே அணுக்கரு இணைவு நிகழ்வதாக 1989இல் இருவர் அறிவித்ததை, பல ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தும் உறுதிப்படுத்த இயலவில்லை. இணைவு நிகழ்ந்திருந்தால் வெளிப்பட வேண்டிய அளவுக்கு நியூட்ரான்களும் தென்படவில்லை. சில மாதங்களிலேயே பெரும்பாலோர் அதை ஒதுக்கிவிட்டனர்.