வெள்ளைக் குச்சியை வெட்டாதீர்கள்: சைப்ரஸில் வந்த இருநிறக் கிளையை ஒட்டுக் கட்டலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய நர்சரி வைத்திருக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்ட ஓரத்தில் தாத்தா காலத்து சைப்ரஸ் மரம் ஒன்று நிற்கிறது. அதில் இரண்டு ஆள் உயரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் பச்சையும் வெண்மஞ்சளும் கலந்து திட்டுத் திட்டாக வந்திருக்கிறது. சில குச்சிகள் முழு வெள்ளை. மரம் சாலைப் பக்கம் சாய்ந்திருப்பதால் சீக்கிரம் வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். அதற்குள் ஒட்டுக் கட்டிச் செடி எடுக்க முடியுமா? விதை போட்டால் இதே நிறம் வருமா? என்னிடம் துஜா செடிகளும், பையில் வளர்ந்த சைப்ரஸ் நாற்றுகளும் இருக்கின்றன. எதன் மேல் ஒட்டுவது? நல்ல விலை போகுமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைத் திட்டுகளின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் தெளிவாக இருக்கிறது. இது நல்ல அறிகுறி. ஆனாலும் ஒட்டுக்கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் கிளைக்கு நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வெள்ளைத்தாள் ஒன்றைக் கிளைக்கு அடியில் பிடித்துக் குச்சியை நான்கு தட்டு தட்டுங்கள். தாளில் புள்ளி புள்ளியாக ஏதாவது ஊர்ந்தால் அது சிலந்திப்பேன். அது சாறு உறிஞ்சினாலும் இலை வெளிறும், ஆனால் பொடிப்பொடியாக மங்கலாகத்தான் வெளிறும். அடுத்து, கிளை பிரியும் இடத்தில் பட்டையைப் பாருங்கள். பிசின் வழிந்து பட்டை உள்வாங்கியிருந்தால் அது சைப்ரஸ் கான்கர் நோய். நம் மலையில் நிற்கும் சைப்ரஸில் பெரும்பகுதி கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரை இனம், அதை இந்த நோய் சுலபமாகப் பிடிக்கும். முதலில் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, பிறகு காய்ந்த கிளை என்று போகும். சத்துக் குறைபாடு என்றால் ஒரே கிளையோடு நிற்காது, மரம் முழுக்கத் தெரியும். இவை எதுவும் இல்லாமல், புதிதாக விடும் துளிரிலும் அதே திட்டு வந்தால்தான் அது உண்மையான மொட்டு மாற்றம். நர்சரிக்காரர்கள் ‘ஸ்போர்ட்’ என்று சொல்வது இதைத்தான்.

இப்படி வருவது ஏன் என்று தெரிந்தால் எந்தக் குச்சியை வெட்டுவது என்பதும் புரிந்துவிடும். குருத்து நுனியில் இருக்கும் ஏதோ ஒரு செல்லுக்குப் பச்சையம் செய்யும் திறன் போய்விடுகிறது. அது பெருகப் பெருக அதன் வழிவந்த செல்கள் எல்லாம் வெள்ளையாகின்றன. ஒரே கிளையில் பச்சைக் குடும்பமும் வெள்ளைக் குடும்பமும் சேர்ந்து வாழ்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விற்கும் வேரிகேட்டட் (இருநிற இலை) ஃபைகஸ் போன்ற செடிகளில் குருத்தின் செல் அடுக்குகள் ஒழுங்காகப் பிரிந்து நிற்பதால், நடு பச்சை, ஓரம் வெள்ளை என்று இலைக்கு இலை ஒரே மாதிரி வரும். ஊசியிலை மரங்களின் குருத்தில் அந்த ஒழுங்கு தளர்வானது. ஒரு அடுக்கின் செல் இன்னொரு அடுக்குக்குள் நுழைந்துவிடும். அதனால்தான் சைப்ரஸ், ஜூனிபர் வகைகளில் அள்ளித் தெளித்த மாதிரி வெள்ளை வருகிறது. நிறம் நிலைக்காமல் போவதும் இதனால்தான்.

சரி, எந்தக் குச்சி? எல்லோருக்கும் முதலில் கை போவது பால் வெள்ளைக் குச்சி மேல்தான். எனக்கும் அப்படித்தான் போனது. பல வருடங்களுக்கு முன் ஒரு ஜூனிபரில் முழு வெள்ளையாக எட்டுக் குச்சி வெட்டி ஒட்டினேன். ஆறு பிடித்தது. பார்த்தவர்கள் எல்லாம் விலை கேட்டார்கள். துளிர் வந்த சந்தோஷத்தில், ஒட்டைத் தாங்கி நின்ற அடிச்செடிகளின் தலைகளை வெட்டினேன். இரண்டு மாதத்துக்குள் ஐந்து செடிகள் நுனியிலிருந்து கருகி இறங்கின. ஆறாவது மட்டும் உயிரோடு இருந்தது. ஏனென்று குனிந்து பார்த்தால், அதன் அடிச்செடியில் ஒரு பச்சைக் கிளையை வெட்ட மறந்திருக்கிறேன்! வெள்ளைக்குத் தானாகச் சமைத்துச் சாப்பிட வழியில்லை. அதுவரை ஆறுக்கும் சோறு போட்டது அடிச்செடியின் இலைகள்தான். கலிபோர்னியாவின் ஹென்றி கோவெல் பூங்காவில் முழுக்க வெள்ளையான ரெட்வுட் மரங்கள் இருக்கின்றன. அவையும் பக்கத்துத் தாய்மரத்தின் வேரோடு ஒட்டிக்கொண்டுதான் பிழைக்கின்றன.

ஆகவே வெள்ளை மூன்றில் ஒரு பங்கு, பச்சை இரண்டு பங்கு இருக்கும் குச்சியைத் தேடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குச்சியை வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்க வெள்ளை, திருப்பினால் முழுக்கப் பச்சை என்றால் அது வேண்டாம். பச்சைப் பக்கத்துத் துளிர் பச்சையாகவே போகும், வெள்ளைப் பக்கத்துத் துளிர் வெள்ளையாகவே போகும். எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டு நிறமும் கலந்து தெரிய வேண்டும். நுனிக்குருத்தும் கலப்பாக இருந்தால் இன்னும் நல்லது. பார்வைக்குச் சுமாராகத்தான் இருக்கும், பரவாயில்லை.

விதையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் நேரம் செலவிட வேண்டாம். பூக்கும் செடிகளில் பெரும்பாலும் பச்சையக் கணிகங்கள் (செல்லுக்குள் பச்சையத்தை வைத்திருக்கும் நுண்ணுறுப்புகள்) தாய் வழியாக விதைக்குப் போகும். ஊசியிலை மரங்களில் அது தலைகீழ், மகரந்தம் வழியாக அப்பனிடமிருந்து வரும். உங்கள் இருநிறக் கிளையில் காய் பிடித்தாலும் அதற்கு மகரந்தம் தரப்போவது சுற்றியுள்ள பச்சை மரங்கள்தான். வருவதும் பச்சை நாற்றாகத்தான் இருக்கும். குச்சி வெட்டி வேர்விடச் செய்வது இன்னொரு வழி. ஐந்தாறு குச்சிகளை ஐபிஏ என்ற வேரூக்கியில் தொட்டு மணல் படுக்கையில் வைத்துப் பார்க்கலாம், நஷ்டமில்லை. ஆனால் கிழட்டு மரத்தின் குச்சி வேர்விட ரொம்பத் தயங்கும். அதை நம்பி ஒட்டை விட்டுவிடாதீர்கள்.

அடிச்செடிக்குச் சைப்ரஸ் நாற்றுதான். துஜா மேலும் சில சமயம் பிடிக்கும், ஆனால் ஒரே இனத்தின் மேல் ஒட்டினால் பின்னால் ஒட்டுச் சேர்ந்த இடத்தில் பிளவு, பருமன் வித்தியாசம் என்று தொல்லை வராது. பென்சில் கனம், பையில் ஒரு வருடமாவது நன்றாக வேர் பிடித்த நாற்று வேண்டும். ஒட்டுக்காகவென்று புதிதாகப் பைமாற்றிய நாற்று உதவாது.

நேரம் தை கடைசி, மாசி முதல் வாரங்கள். நாற்றுகளை அதற்கு மூன்று வாரம் முன்னால் பசுமைக்குடிலுக்குள் கொண்டுவந்து வையுங்கள். வெளியே மரம் உறங்கும்போது உள்ளே வேர் விழிக்கத் தொடங்க வேண்டும். அதுதான் கணக்கு. தண்ணீரை மட்டும் கொஞ்சம் குறையுங்கள், அதிகச் சாறு ஏறினால் வெட்டுவாயில் பிசின் பொங்கிவிடும்.

குச்சியைக் காலையில் வெட்டுங்கள். போன பருவத்தில் வளர்ந்த, அடியில் லேசாகப் பழுப்பேறிய 10 முதல் 12 செ.மீ. குச்சி. ஈரத்தாளில் சுற்றிப் பாலித்தீன் பையில் போட்டு அன்றைக்கே ஒட்டிவிடுவது நல்லது. எல்லாக் குச்சியையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாகச் செய்தால் ஒன்று சொதப்பினாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

மாமரத்துக்குச் செய்வதுபோல் தலையை வெட்டிப் பிளந்து செருகும் ஒட்டு இங்கே வேண்டாம். நாற்றின் தலை அப்படியே இருக்க, பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். மண்ணுக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் தண்டின் இலைகளைத் துடைத்து எடுத்துவிட்டு, பட்டையோடு கொஞ்சம் கட்டை சேர்ந்து வரும்படி கீழ்நோக்கி 3 செ.மீ. சீவுங்கள். சீவலின் அடியில் சிறிய உதடு நிற்கட்டும். குச்சியின் கீழ்ப்பகுதி இலையை எடுத்து, ஒரு பக்கம் 3 செ.மீ. ஒரே இழுப்பில் சீவி, பின்பக்கம் அரை செ.மீ. சரித்து, அந்த உதட்டுக்குள் உட்காரவையுங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாகப் பளபளக்கும் மெல்லிய பச்சைக் கோடுதான் உயிர்க்கோடு. குச்சியின் கோடும் நாற்றின் கோடும் ஒரு பக்கமாவது பொருந்த வேண்டும். குச்சி மெல்லியது என்றால் நடுவில் வைக்காதீர்கள், ஓரமாகத் தள்ளி ஒரு கோட்டையாவது சேர்த்துவிடுங்கள். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள், பிசின் படிந்த கத்தி சீவாது, பிய்க்கும்.

ஒட்டுக் கட்டும் நாடாவால் இறுக்கிக் கட்டி, செடிகளை மொத்தமாகப் பாலித்தீன் கூடாரத்துக்குள் வைத்து மேலே நிழல்வலை போடுங்கள். உள்ளே காற்று ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் குச்சி மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் பூஞ்சணம் வரும். ஆறாவது வாரம் கட்டின் விளிம்பில் வெளிர் நிறமாகத் திசு உப்பித் தெரியும். அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடாரத்தைத் திறந்து பழக்குங்கள். அடிச்செடியின் தலையை மட்டும் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். துளிர் வந்ததும் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மாதம் கழித்து இன்னொரு பங்கு, மிச்சம் அடுத்த பருவத்தில். என் ஐந்து ஜூனிபர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

பிடித்த பிறகுதான் உண்மையான வேலை. முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் தயவுதாட்சண்யம் இல்லாமல் அடியோடு வெட்டிவிடுங்கள். பச்சைக்கு வேகம் அதிகம், விட்டால் இரண்டு வருடத்தில் செடியையே மூடிவிடும். கடையில் ‘கோல்டன் சைப்ரஸ்’ என்று விற்கும் பொன்னிற வகைக்கு வெயில் இருந்தால்தான் நிறம் வரும், நிழலில் பச்சையாகிவிடும். உங்களுடையது அப்படி அல்ல. வெண்திட்டு நடுப்பகல் வெயிலில் கருகும், மார்கழிப் பனியிலும் கருகும். காலை வெயில் மட்டும் படும் இடம் பார்த்து வையுங்கள்.

பக்கக்கிளைக் குச்சி என்பதால் செடி சாய்ந்தபடியே வளரப் பார்க்கும். சைப்ரஸை ஒரு குச்சி நட்டுக் கட்டினால் பெரும்பாலும் நிமிர்ந்துகொள்ளும். நம் ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்கிற அராகேரியாவாக இருந்திருந்தால் ஆயுசுக்கும் படுத்தே கிடந்திருக்கும்.

விலைக்கு வருவோம். இப்போதே விற்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. முதல் ஒட்டிலிருந்து குச்சி எடுத்து மறுபடி ஒட்டி, அதிலும் அதே நிறம் நின்றால்தான் உங்களிடம் ஒரு ரகம் இருக்கிறது என்று அர்த்தம். நான்கைந்து வருடம் ஆகும். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் புதிய ரகமாகப் பதிய நினைத்தால், விண்ணப்பிப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே இந்தியாவில் விற்றிருக்கக் கூடாது. அறிவிக்கப்பட்ட பயிர்ப் பட்டியலில் இந்த இனம் இருக்கிறதா என்பதையும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெயர் வைக்கும் ஆசை இருந்தால், ஊசியிலை ரகப் பெயர்களை உலக அளவில் பதிவது இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி. 1959 முதல் புதிய ரகத்துக்கு லத்தீன் பெயர் வைக்கக் கூடாது என்பது விதி, அதனால் ‘வேரிகேட்டா’ என்று வைக்க முடியாது. உங்கள் ஊர்ப் பெயரையே வையுங்களேன், அழகாக இருக்கும்.

தாய்மரத்தை வெட்டுவது பற்றி: மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 உங்கள் ஊருக்குப் பொருந்தும், அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. அந்த அனுமதிக்கு அலையும் நாட்களே உங்களுக்கு மாசி வரை அவகாசம் தரும். ஆபத்து என்றால் சாய்ந்த பக்கத்துப் பாரக்கிளைகளை மட்டும் கழிக்க முடியுமா என்று கேளுங்கள். கனடாவின் ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தில் பொன்னிறமாக ஒரு சிட்கா ஸ்ப்ரூஸ் மரம் நின்றது. வயது முந்நூறுக்கு மேல், ஹைடா மக்களுக்குப் புனிதமான மரம். 1997 ஜனவரியில் ஒருவன் வேண்டுமென்றே அதை அறுத்து வீழ்த்தினான். அதற்கு இருபது வருடம் முன்பு, 1977இல், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அதில் குச்சி வெட்டி ஒட்டுக் கட்டி வைத்திருந்தது அப்போதுதான் பலருக்கும் நினைவுக்கு வந்தது. அந்த ஒட்டுகளும் நிமிராமல் பக்கவாட்டில்தான் வளர்ந்தன, ஆனாலும் நிறம் தப்பியது.

உங்களுக்கு ஐந்து ஒட்டு தேறினால் இரண்டை வேறு ஊரில், வேறு ஆள் கையில் கொடுத்து வையுங்கள். ஒரு காட்டெருமை வேலியைத் தாண்டி வந்தால் போதும், நர்சரியில் ஒரு வரிசையே காணாமல் போய்விடும். ஆறாவது வாரம் கூடாரத்தைத் திறக்கும்போது எத்தனை பிடித்தது என்று எழுதுங்கள். துளிரின் படம் ஒன்றும் அனுப்புங்கள், ஆனால் நிழலில் எடுங்கள். வெயிலில் எடுத்தால் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிகிறது.