பட்டாளத்து உஸ்தாத், பள்ளிக்கூடத்து வாத்தியார்: உங்கள் கேள்விகள்

ராணுவக் கல்விப் பிரிவில் ஹவில்தாராக இருந்து பென்ஷனில் வந்தவன் நான். 42 வயதில், என் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பி.எட். படித்தேன். இப்போது ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. அங்கே பென்ஷனில் வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "வாத்தியார் வேலைக்கு நாங்களும் வரலாமா?" அப்படி வந்த கேள்விகளில் சில இங்கே.

17 வருட சர்வீஸ். பட்டாளத்தில் கொடுத்த கிராஜுவேட் சர்டிபிகேட் கையில் இருக்கிறது. அதை வைத்து பி.எட். சேரலாமா?
– ஓய்வுபெற்ற ஹவில்தார், கே.வி.குப்பம்

சேர முடியாது சார். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனாலும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அந்தச் சான்றிதழின் பயன் வேறு. பத்தாவது முடித்து 15 வருடம் சர்வீஸ் போட்டவரை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பணிகளில், முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டு இடத்துக்குத் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. தொழில்நுட்ப அனுபவம் கேட்கும் பணிகளுக்கு அது பொருந்தாது. எழுத்தர் மாதிரி வேலைகளுக்கு அது கைகொடுக்கும்.

பி.எட். கல்லூரி கேட்பது பல்கலைக்கழகப் பட்டம். எந்தப் பாடம், எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் பொதுப் பிரிவுக்கு 50, பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம். உங்கள் சான்றிதழில் பாடமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர் எதைப் பார்த்து எழுதுவார்? வாத்தியார் வேலைதான் வேண்டும் என்றால் ஒரு பட்டம் படித்தே ஆகவேண்டும். மூன்று வருடம் பிடிக்கும்.

பத்தாவதோடு பட்டாளத்தில் சேர்ந்தேன். சர்வீஸில் இருந்தபடியே பிளஸ் டூ எழுதாமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாக பி.ஏ. முடித்தேன். இன்னும் இரண்டு வருடத்தில் பென்ஷன். தபாலில் பி.எட். முடித்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.
– நாயக், தற்போது வடகிழக்கில்

தம்பி, இரண்டு குழி இருக்கிறது. இரண்டிலும் விழப் பார்க்கிறீர்கள்.

முதல் குழி அந்த பி.ஏ. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று 2009-ல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அரசாணை எண் 107. பட்டாளத்துப் பையன்கள் பலர் முகாமில் பெட்டி மேல் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாகப் படித்து வாங்கிய பட்டம் இப்படித்தான் பயனில்லாமல் போனது. வரிசைதான் கணக்கு என்பதால், இப்போது பிளஸ் டூ எழுதி முன்னால் ஒட்டவைத்தாலும் பழைய பட்டம் உயிர் பெற்றுவிடாது. முதலில் பிளஸ் டூ எழுதுங்கள், அப்புறம் புதிதாக ஒரு பட்டத்துக்குப் பதியுங்கள். எனக்கும் சொல்லக் கசக்கிறது.

இரண்டாவது குழி அந்த "ஒருவர்". தொலைநிலை பி.எட். உண்டு, இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலையிலேயே உண்டு. ஆனால் அது தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சி ஏற்கெனவே முடித்தவர்களுக்கானது. உங்களுக்கு அது கிடையாது. வெளிமாநிலக் கல்லூரியில் பெயர் மட்டும் இருக்கும், பரீட்சைக்கு வந்தால் போதும் என்பவரிடம் என் பட்டாலியனில் இருந்த ஒருவர் பென்ஷன் பணத்தில் பாதியைக் கொடுத்தார். கல்லூரியின் பெயர் வேண்டாம். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் கணவர் ரெகுலர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். வயது 41. பென்ஷனில் வந்து ஒரு பேங்க் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். பி.எட். படியுங்கள் என்றால் வயதாகிவிட்டது என்கிறார்.
– ஓர் இல்லத்தரசி, தேனி

அம்மா, வயது தடையே இல்லை. 2023-ல் அரசு ஆசிரியர் நேரடி நியமனத்துக்கான உச்ச வயதைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்திவிட்டார்கள். 41 வயது ஆள் அந்த வரிசையில் இளைஞர்.

கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. பி.எட். இரண்டு வருடம், நேரில் போக வேண்டிய படிப்பு. வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளியில் பயிற்சி எடுக்கும் நாட்களுக்கு 90 சதவீதம் வருகை கேட்கிறார்கள். செக்யூரிட்டி சம்பளம் நின்றுபோகும், பென்ஷனில் ஓட்ட வேண்டும். அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள். அது தேறினாலும் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை 149 சொல்லிவிட்டது. ஆக, இன்று தொடங்கினால் நாலைந்து வருடப் பாடு. கணிதம் என்பதால் பி.எட். முடித்த கையோடு தனியார் பள்ளியில் இடம் கிடைத்துவிடும். அவர் படிக்கட்டும் என்பது என் எண்ணம். வீட்டுச் செலவைப் பார்த்து நீங்கள் இருவரும் முடிவு எடுங்கள்.

அரசுப் பள்ளியில் சேர்ந்தால் ராணுவ பென்ஷன் நின்றுவிடுமா?
– பலர்

நிற்காது.

மகன் அக்னிவீரனாக இருக்கிறான். நான்கு வருடத்தில் வெளியே வந்துவிட்டால் ஆசிரியர் ஆக முடியுமா?
– ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பழைய ஆட்களைவிட அவனுக்குத்தான் வழி சுலபம். 2022-ல் தொடங்கிய திட்டம் என்பதால் முதல் அணிக்கு நான்கு வருடம் இப்போதுதான் முடிகிறது. நான்கில் ஒருவர் வரைதான் உள்ளே தொடர்வார். மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சத்தோடு, இருபத்து சொச்சம் வயதில் வெளியே வருவார்கள். 38 வயதில் மூன்று பிள்ளைகளோடு வந்து பி.எட். யோசிக்கிறவருக்கும் இந்தப் பையனுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அக்னிவீரர்களுக்கென்று இக்னோ ஒரு பட்டம் வைத்திருக்கிறது. பாதி கிரெடிட் பட்டாளப் பயிற்சிக்கே கிடைத்துவிடும். மற்ற வேலைகளுக்கு நல்லதுதான். ஆனால் பி.எட். போக, தமிழ், ஆங்கிலம், கணிதம், வரலாறு மாதிரி பள்ளியில் நடத்தும் பாடம் ஒன்று முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும். பதியும் முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசை என்றால் பட்டமே வேண்டாம், பிளஸ் டூவுக்குப் பின் தொடக்கக் கல்விப் பட்டயம் இரண்டு வருடம். ஒன்று முதல் ஐந்து வரை நடத்த பி.எட். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

எங்கள் பள்ளிக்கு ஒழுங்கைக் கவனிக்க ஒரு முன்னாள் ராணுவத்தினர் வேண்டும். பி.டி. வகுப்பும் அவரே எடுத்துக்கொள்வார். யாராவது இருக்கிறார்களா?
– ஒரு தனியார் பள்ளித் தாளாளர்

இருக்கிறார்கள். ஆனால் நான் அனுப்பமாட்டேன் ஐயா. உடற்கல்விக்கும் அதற்கென்று படித்த ஆள் தேவை. காலையில் கேட்டில் நின்று முடி வெட்டாத பையனை மடக்க, மதியம் பஸ்ஸில் ஏற்றிவிட, நடுவில் பி.டி. என்றால், அது மீசை வைத்த வாட்ச்மேன் வேலை. எம்.ஏ. வரலாறு படித்த சுபேதார்கள் இருக்கிறார்கள். வகுப்பைக் கொடுப்பதாக இருந்தால் எழுதுங்கள்.

பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. முப்பது வருடம் ரெக்ரூட்டுகளை வளைத்தவன் நான். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு அடி வைத்தால்தான் சரிப்படும் போலிருக்கிறது.
– ஓய்வுபெற்ற சுபேதார், விருதுநகர்

சாப், கையை வைக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். அடித்தால் அந்த வகுப்பு உங்களுக்கு இனி எப்போதும் கிடைக்காது.

என் கதையைச் சொல்கிறேன். முதல் நாள் ஆறாம் வகுப்பு. பரேடு மைதானத்துக் குரலில் "உட்காருங்கள்" என்றேன். முதல் பெஞ்சுப் பெண் குழந்தை அழுதுவிட்டது. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் என்னைப்போலவே சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களைவிட அழுத பிள்ளையை நினைத்துத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நம் பழக்கம் என்ன? பாடம் முடிந்ததும் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், "கோயி ஷக்?" (சந்தேகம் உண்டா?) என்பார். "நஹி உஸ்தாத்!" (இல்லை உஸ்தாத்!) என்று முப்பது தொண்டை ஒரே சுருதியில் முழங்கும். சந்தேகம் இருப்பவனும் சேர்ந்து முழங்குவான். இருக்கிறது என்று சொன்னால் ஒரு ரவுண்டு ஓட வேண்டி வரலாம். பள்ளியில் "புரிந்ததா?" என்று கேட்டால் அந்த முழக்கம் வராது. ஒரு பிள்ளை ஜன்னலைப் பார்க்கும், ஒன்று பேனா மூடியைக் கடிக்கும். அது கீழ்ப்படியாமை இல்லை சாப். புரியவில்லை என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள்.

குரலைக் குறைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. ஆனால் பட்டாளத்து வித்தை எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. சொல்லு, செய்து காட்டு, செய்யச் சொல்லு, திருத்து என்பதுதானே நம் முறை? அதைவிட நல்ல பாடமுறையை பி.எட். புத்தகத்தில் நான் பார்க்கவில்லை. வரைபட அளவுகோல் என்ற பாடம் கரும்பலகையில் ஏறவே இல்லை. சரி என்று பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் கூட்டிப்போய், தாக்குதலுக்கு முன் நாம் போடும் சாண்ட் மாடல் மாதிரி எங்கள் ஊர் ஏரியை மண்ணில் செய்யவைத்தேன். கரைக்குச் செம்மண், தண்ணீருக்கு நீலக் கோலப்பொடி, மதகுக்குத் தீப்பெட்டி. ஒரு சாண் நூறு மீட்டர். கடைசி பெஞ்சு இரண்டு பேரும் மதகு தப்பான இடத்தில் இருக்கிறது என்று என்னோடு சண்டைக்கு வந்தார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. எட்டு 'பி'யில் அந்த மாதிரி ஒருவன் இருப்பான். அவனைத் தேடுங்கள்.

அமெரிக்காவில் பட்டம் இல்லாத முன்னாள் ராணுவத்தினரையும் ஆசிரியராக எடுக்கிறார்களாமே. நம் ஊரிலும் ஆசிரியர் பற்றாக்குறைதானே, ஏன் செய்யக்கூடாது?
– முன்னாள் விமானப்படை வீரர், தாம்பரம்

ஃபுளோரிடா மாநிலத்தில் 2022-ல் கொண்டுவந்தார்கள். 48 மாதம் சர்வீஸ், கல்லூரியில் 60 கிரெடிட், அதாவது பாதிப் பட்டம், பாடத்தேர்வில் தேர்ச்சி எல்லாம் இருந்தால் ஐந்து வருடத் தற்காலிகச் சான்றிதழ். மூத்த ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பார். அந்த ஐந்து வருடத்துக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும். "பட்டம் இல்லாமல்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பாதிதான் உண்மை.

அங்கே வகுப்புக்கு ஆள் வரவில்லை. இங்கே ஆள் வரிசையில் நிற்கிறார்கள். 2013-ல் டெட் தேறி வேலைக்காகப் போராடியவர்களை உங்களுக்கும் நினைவிருக்கும். 2022-ல் 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னபோது முதலில் அறிவித்த மாதச் சம்பளம், பணிநிலையைப் பொறுத்து 7,500, 10,000, 12,000 ரூபாய். மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்பான யூடைஸின் 2024-25 கணக்கில் நாடு முழுக்க ஓராசிரியர் பள்ளி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். காலியிடத்தை நிரப்பாமல் வைத்துவிட்டு, பி.எட். முடித்த பெண்ணைத் தாண்டிப் பட்டாளத்துக்காரருக்குக் குறுக்கு வழி கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பி.எட். விண்ணப்பிக்கும் முன் முதலில் எந்தக் காகிதத்தைச் சரிபார்க்க வேண்டும்?
– லான்ஸ் நாயக், ராமநாதபுரம்

டிஸ்சார்ஜ் புக். அதில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்னால் ஒட்டி எழுதியிருப்பார்கள். அதற்காகவே சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். தப்பு இருந்தால் உங்கள் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதித் திருத்த வேண்டும், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். மாதக்கணக்கில் ஆகும், ஆகவே விண்ணப்பம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.